முன்பாரம், பின்பாரம், கொக்கி

வரைபடத்தில் பார்த்தால் காவிரி டெல்டா தட்டையான பூமி. நெல் ஏற்றிய டிராக்டரை ஓட்டியவர் அப்படிச் சொல்லமாட்டார். வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு, குடமுருட்டி, கல்லணைக் கால்வாய் என எதைத் தாண்டுவதென்றாலும் முதலில் கரை ஏற வேண்டும், பிறகு பாலம், பிறகு இறக்கம். தண்ணீரை வயலைவிட உயரத்தில் கொண்டுபோனால்தான் மதகைத் திறந்ததும் அது தானாக வயலுக்குள் இறங்கும். அதனால் இங்கே ஆறும் வாய்க்காலும் கரை கட்டிய மேட்டில் ஓடுகின்றன. பாசனத்துக்கு வாகான இந்த ஏற்பாடுதான், தை மாசியில் சம்பா அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலையத்துக்குப் புறப்படும்போது டிரைவரின் பொறுமையைச் சோதிக்கிறது.

மூட்டை ஒன்றுக்கு 40 கிலோ. நூறு மூட்டை ஏற்றினால் நாலு டன். டிரெய்லரின் சொந்த எடை ஒன்றரை டன் என்று வைத்துக்கொண்டால் பின்னால் வருவது ஐந்தரை டன். முன்னால் இழுக்கும் டிராக்டரோ சுமார் இரண்டு டன்தான். தன் எடையைப்போல் இரண்டே முக்கால் மடங்கை அது மேட்டில் ஏற்றி, மறுபக்கம் பத்திரமாக இறக்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு இரும்பு பின்.

கொக்கி வாங்கும்போதும், வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்யும்போதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எத்தனை டன் தாங்கும்? என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. கொக்கி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அதன்மேல் எவ்வளவு பாரம் உட்காருகிறது, எவ்வளவு ஆட்டம் விட்டிருக்கிறது, பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் தள்ள ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பவைதாம் முதலில் வர வேண்டியவை.

பாரத்தைப் பற்றிய கேள்விக்கு மாட்டுவண்டிக்காரர்கள் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். இரண்டு சக்கர வண்டியில் சுமை அச்சுக்கு முன்னால் அதிகமானால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகமானால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். லேசான முன்பாரம் இருக்கும்படி மூட்டையை அடுக்குவதும், குறைந்தால் வண்டிக்காரர் தானே முன்னால் நகர்ந்து உட்கார்ந்து சரிசெய்வதும் பழகிய கை செய்கிற வேலை.

டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் இரண்டு சக்கர டிரெய்லரும் அதே தராசுதான். கொக்கிக்கும் டிரெய்லர் அச்சுக்கும் நடுவே இரண்டரை மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். சுமையின் மையம் அச்சுக்கு 25 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்கும். ஐந்தரை டன்னுக்கு அது 550 கிலோ. அமெரிக்காவில் காருக்குப் பின்னால் சிறு டிரெய்லர் இழுப்பவர்களுக்குச் சொல்லப்படும் கணக்கும் ஏறக்குறைய இதுவே: பத்து முதல் பதினைந்து சதவீதம் முன்பாரம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் வேகம் கூடக்கூட டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் இழுக்கும் வண்டியையே சாலையிலிருந்து வெளியே எறிந்துவிடும். நம் டிராக்டர்கள் போகிற வேகத்தில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் பின்பாரம் வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும். டிராக்டரின் பின்சக்கரத்தை மேலே தூக்கிப் பிடிப்பதால் பிடிமானம் குறைந்து, கரை ஏறும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

அப்படியானால் முன்பாரத்தை இன்னும் கூட்டலாமே என்று தோன்றும். அங்கேதான் கொக்கியின் உயரம் குறுக்கே வருகிறது.

டிராக்டரின் பின்சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. கொக்கியில் மாட்டியிருக்கும் சுமை டிராக்டரைப் பின்னோக்கி இழுக்கிறது. முதல் விசை வேலை செய்யும் இடம் தரைமட்டம். இரண்டாவது, தரையிலிருந்து கொக்கி எவ்வளவு உயரமோ அவ்வளவு மேலே. இந்த இடைவெளிதான் டிராக்டரின் மூக்கைத் தூக்கும் நெம்புகோல். இரண்டு டன் டிராக்டரில் முன்சக்கரங்கள்மேல் சுமார் 800 கிலோ இருக்கும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே ஏறத்தாழ 1.9 மீட்டர். கரை ஏற்றத்தில் கிளம்பும்போது ஒரு டன் இழுவை தேவைப்படுகிறது என்று கொள்வோம். கொக்கி 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் முன்சக்கரத்திலிருந்து 210 கிலோ கழியும். 80 சென்டிமீட்டரில் இருந்தால் 420 கிலோ. இதோடு முன்பாரமான அந்த 550 கிலோ பின்னச்சுக்கும் பின்னால் தொங்குவதால் இன்னொரு 170 கிலோ போகும். உயரக் கொக்கிக்காரருக்கு மிஞ்சுவது 200 கிலோ சுமார். மேட்டில் வண்டியே சாய்ந்து நிற்பதால் அதிலும் ஒரு பகுதி கரையும். கிளட்சைப் பட்டென்று விட்டால் மிச்சமும் காலி.

முன்சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும், ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பாது. அனுபவப்பட்டவர்களின் பேச்சில் இந்த முழுக் கணக்கும் இரண்டே வரியில் முடிந்துவிடும்.

"அண்ணே, ஏத்தத்துல மூக்கு தூக்குதுண்ணே."

"கொக்கிய ஒரு ஓட்டை கீழ எறக்கு தம்பி. முன்னால இருக்குற நாலு மூட்டையப் பின்னால தள்ளு."

கொக்கித் தகட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓட்டைகள் இருப்பதே இதற்காகத்தான். டிரெய்லரின் தளம் மட்டமாக நிற்க வேண்டும் என்பதற்காக மேல் ஓட்டையில் மாட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அதைவிட டிரெய்லரின் ஏர்க்காலை வெட்டிக் கீழிறக்கி வெல்டு வைப்பது நல்லது. பட்டறைக் கூலி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

டிராக்டர் மூக்கைத் தூக்கும் பிரச்சினைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1917-ல் ஹென்றி ஃபோர்டு சந்தைக்குக் கொண்டுவந்த ஃபோர்ட்சன் டிராக்டர் மலிவானது, லேசானது. கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் பின்சக்கரம் நிற்கும், ஆனால் இன்ஜின் நிற்காது. டிராக்டர் தன் பின்னச்சையே சுற்றி எழுந்து ஓட்டுபவர்மேல் கவிழ்ந்துவிடும். அப்படி இறந்தவர்கள் பலர். அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன் இதற்கு ஒரு வழி கண்டார். கலப்பையைக் கயிறு கட்டி இழுப்பதுபோல் ஒரே இடத்தில் மாட்டாமல், கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என்று மூன்று இடத்தில் பிடித்தார். மண் கலப்பையை எதிர்க்கும்போது கீழ்க்கைகள் இழுபடும், மேற்கை முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்தும். முன்பு எந்த விசை டிராக்டரைக் கவிழ்த்ததோ, அதையே கொண்டு அதை நிலத்தில் உட்காரவைத்துவிட்டார்.

1939-ல் ஃபோர்டும் ஃபெர்குசனும் சேர்ந்து வெளியிட்ட 9என் டிராக்டரில் இந்த அமைப்பு இருந்தது. பிற்பாடு ஃபெர்குசனின் நிறுவனம் மாஸி ஹாரிஸோடு இணைந்து மாஸி ஃபெர்குசன் ஆனது. அந்த நிறுவனத்தின் கூட்டோடு 1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கப்பட்டது. டெல்டா வயல்களில் உழும் சிவப்பு மாஸிகளின் பின்னால் இருக்கும் மூன்று கைகள் ஃபோர்ட்சன் செய்த கொலைகளுக்குக் கிடைத்த பதில். வருத்தமான வேடிக்கை என்னவென்றால், சேற்றில் மாட்டிய இன்னொரு வண்டியை இழுக்க அவசரத்தில் சங்கிலியை அந்த மேற்கை மாட்டும் இடத்திலேயே கோத்துவிடுகிறார்கள். இருப்பதிலேயே உயரமான இடம் அதுதான். எதைத் தடுக்க அந்த அமைப்பு வந்ததோ அதையே கைகொண்டு வரவழைப்பது இது.

சேறு என்றதும் இன்னொன்று. தண்ணீர் நின்ற வயலில் சக்கரம் அச்சளவு புதைந்துவிட்டால், பின்டயரில் குறுக்காக மரக்கட்டையைக் கட்டி ஆக்சிலேட்டரை மிதிக்கும் பழக்கம் உண்டு. கட்டை மண்ணில் ஊன்றிச் சக்கரத்தை நிறுத்திவிட்டால், சக்கரத்தைச் சுற்ற வேண்டிய இன்ஜின் விசை டிராக்டரின் உடலைச் சுற்றும். முன்சக்கரம் எழுவதற்கும் டிராக்டர் முழுதாகக் கவிழ்வதற்கும் இடையே இரண்டு வினாடிகூட இருக்காது. கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளை முடிவெடுப்பதற்குள் முடிந்துவிடும். ரிவர்ஸில் வெளியே வரப் பார்ப்பது, முடியாவிட்டால் கெட்டியான தரையில் நிற்கும் வேறொரு வண்டியைக் கொண்டு தாழ்வான கொக்கியிலிருந்து இழுப்பது என்ற இரண்டு வழிதான் உருப்படியானவை.

இனி அந்த பின். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண இரும்பு பின்னை மேலும் கீழும் தகடு பிடித்திருக்க, நடுவில் டிரெய்லரின் வளையம் இழுக்கிறது. பின் வெட்டுப்பட வேண்டுமென்றால் இரண்டு இடத்தில் வெட்டுப்பட வேண்டும். அதற்கு இருபது டன்னுக்கு மேல் விசை தேவை. நம் டிராக்டரால் அதில் எட்டில் ஒரு பங்கைக்கூட இழுக்க முடியாது, அதற்குள் சக்கரம் வழுக்கிவிடும். புது பின் அறுந்து விபத்து ஆவது அரிது. தேய்ந்த பின் வேறு கதை. நடுப்பகுதி 25-லிருந்து 18 மில்லிமீட்டராகத் தேய்ந்திருந்தால், பார்வைக்கு ஏழு மில்லிமீட்டர்தான் போயிருக்கும். ஆனால் வலிமை பாதியாகியிருக்கும், ஏனென்றால் கணக்கு விட்டத்தின் வர்க்கத்தில் ஓடுகிறது. அதைவிட வழக்கமாக நடப்பது, பின் முழுசாக இருக்கும்போதே கழன்று விழுவது. அடியில் போட வேண்டிய பூட்டுக் கம்பி எப்போதோ தொலைந்திருக்கும், அதற்குப் பதில் கட்டுக்கம்பியை முறுக்கியிருப்பார்கள், அது குலுங்கிக் குலுங்கி அறுந்திருக்கும். இருபது டன் தாங்கும் பின், ஒரு சின்னக் கம்பி இல்லாமல் பாலத்து ஏற்றத்தில் ஒரு துள்ளலில் வெளியே வந்துவிடுகிறது.

பின்னைவிட ஓட்டை பெரிதாக இருப்பது குறையல்ல, தேவை. டிரெய்லர் இடவலமாகத் திரும்ப வேண்டும், கரை ஏறும்போது மேலும் கீழும் மடங்க வேண்டும், ஒரு சக்கரம் வரப்பில் ஏறும்போது பக்கவாட்டில் சாயவும் வேண்டும். இந்த மூன்றுக்கும் இடம் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்தால் கொக்கித் தகடு முறிந்துவிடும். ஆட்டம் அளவோடு இருக்க வேண்டும். தேய்ந்து தேய்ந்து ஓட்டை நீண்டுபோனால் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் நிற்கும்போதும் 'டக்'கென்று ஒரு அடி விழும். ஐந்தரை டன் நின்ற இடத்திலிருந்து இழுபடுவது ஒன்று. இரண்டு விரற்கடை ஓடிவந்து மோதுவது வேறொன்று.

இழுப்பது பற்றி இவ்வளவு பேசினாலும், நிறுத்த முடியாமல் போவதும் ஆளைக் கொல்லும். பிரேக் இருப்பது டிராக்டரின் பின்சக்கரத்தில் மட்டும். பல டிரெய்லர்களில் பிரேக்கே கிடையாது. தனியாக வரும் டிராக்டர் 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் உலர்ந்த தார்ச்சாலையில் ஏறக்குறைய பத்து மீட்டரில் நிற்கும். அதே சக்கரம், அதே பிரேக், பின்னால் ஐந்தரை டன் நெல். இப்போது 35 மீட்டர் ஆகும். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் அறுபது மீட்டரைத் தாண்டும். இது சமதளத்தில். பாலத்து இறக்கத்தில் சரிவும் சேர்ந்து தள்ளும்.

டிராக்டரில் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனி பிரேக் பெடல்கள். வயல் மூலையில் ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்துச் சட்டென்று திரும்புவதற்காக வைத்தது. சாலைக்கு வரும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டும் தாழ்ப்பாள் ஒன்று பெடலிலேயே இருக்கிறது. அதைப் போட மறந்து, இறக்கத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் திரும்பும், டிரெய்லர் நேராகத் தள்ளும், கொக்கி இருக்கும் இடத்தில் இரண்டும் மடங்கிக் கவிழும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது இன்னொரு கெட்ட பழக்கம். இன்ஜின் பிடித்து நிறுத்தியிருக்கும் விசையும் அங்கே கைவிட்டுப்போகிறது.

இழுப்பவனால் நிறுத்த முடியாது என்பதை டெல்டாவில் எல்லோரும் கண்ணால் பார்ப்பது தேர்த் திருவிழாவில்தான். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை சுமார் 300 டன். வடத்தை எத்தனை பேர் பிடித்தாலும் அது இழுக்க மட்டுமே உதவும். கயிற்றால் தள்ளவோ தடுக்கவோ முடியாது. அதனால்தான் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை போட ஆள் வேண்டும். அவர்கள்தான் தேரை நிறுத்துவார்கள், திருப்புவார்கள். பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக்கும் அந்தத் தேரில் சேர்ந்தது. வடத்தை மாற்றவில்லை, நிறுத்தும் ஏற்பாட்டைத்தான் மேம்படுத்தினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சாலையில் நின்றுபோன காரை இழுக்கும்போதும் கயிற்றின் இந்தக் குணம்தான் சிக்கல். முன்வண்டி பிரேக் பிடித்தால் பின்கார் போய் மோதும். கயிறு தொய்ந்துவிட்டு மறுபடி விறைக்கும்போது வரும் வெட்டு இன்னும் மோசம். 1,200 கிலோ கார், இரண்டு வண்டிக்கும் மணிக்கு ஐந்து கிலோமீட்டர்தான் வேக வித்தியாசம். இரும்புச் சங்கிலி இரண்டு சென்டிமீட்டர் நீண்டு அதை ஏற்றுக்கொண்டால் சராசரி விசை ஆறு டன் அளவுக்குப் போகும். பம்பருக்கு அடியில் இருக்கும் கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதையே அரை மீட்டர் நீளும் நைலான் கயிறு 240 கிலோவில் முடித்துவிடும். கார் இழுக்கச் சங்கிலியைவிட நைலான் மேல் என்பதற்கு இதுதான் காரணம். ஆனால் நீண்ட நைலான் அறுந்தால் தேக்கிவைத்த சக்தி முழுவதோடும் திரும்பி அடிக்கும், பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. இன்ஜின் ஓடாத காரில் பிரேக் பெடல் கல்லாக இருக்கும், ஸ்டீயரிங் கனக்கும், சாவியைத் திருப்பி வைக்காவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். 1989-ல் வந்த சாலை விதிமுறைகள், கட்டி இழுக்கும்போது இரண்டு வண்டிக்கும் நடுவே ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று வைத்தன. பழுதாகாத காரைக் கட்டி இழுக்க அவற்றில் இடமே இருக்கவில்லை.

அமெரிக்காவில் அது அன்றாடக் காட்சி. பஸ் அளவுக்கு ஒரு வீட்டு வண்டி, உள்ளே படுக்கை, அடுப்பு, குளியலறை; பின்னால் நாலு சக்கரமும் தரையில் உருள ஒரு சின்னக் கார். ஊர் போய்ச் சேர்ந்ததும் பெரிய வண்டியை நிறுத்திவிட்டுக் கடைத்தெருவுக்குக் காரில் போவார்கள். நடுவே இருப்பது முக்கோண வடிவ இழுவைத் தண்டு: அகன்ற பக்கம் காரின் அடிச்சட்டத்தில் இரண்டு இடத்தில் பிடிக்கும், கூர்முனை வீட்டு வண்டியில் மாட்டும். தண்டு என்பதால் இழுக்கவும் செய்யும், தடுக்கவும் செய்யும்.

இதில் முன்பாரக் கவலை இல்லை, கார் தன் எடையைத் தானே சுமக்கிறது. நம் ஊர் நாலு சக்கர டிரெய்லர் மாதிரி. ஆனால் உயரக் கணக்கு இங்கேயும் விடாது. தண்டு தரைக்கு ஏறக்குறைய மட்டமாக இருக்க வேண்டும், மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் ஏற்றத்தாழ்வு கூடாது என்பது அங்கே வழக்கமான அறிவுரை. 1.2 மீட்டர் தண்டில் ஒரு முனை 30 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போது கார் தள்ளும் விசையில் நாலில் ஒரு பங்கு மேலும் கீழுமாகத் திரும்பும். கார் 600 கிலோ தள்ளினால் 150 கிலோ காரின் மூக்கைத் தூக்கவோ அமுக்கவோ போகும். ஆகவே தண்டு வாங்குபவர் முதலில் அளக்க வேண்டியது இரண்டு வண்டியின் மாட்டும் இடங்கள் தரையிலிருந்து இருக்கும் உயரத்தை. எத்தனை டன் தாங்கும் என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம். அப்போதும் விற்பனைத் தாளில் போட்ட எடையை நம்பாமல், சாமான் ஏற்றிய காரை எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. மாட்டும் முனை உருண்டையாக இருந்தால் அளவு ஒத்துப்போக வேண்டும்: ஐரோப்பிய உருண்டை 50 மில்லிமீட்டர், அமெரிக்க இரண்டங்குல உருண்டை 50.8. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இந்த வித்தியாசம் ஒன்றின் மூடியை மற்றதன்மேல் பூட்டும்போது தளர்வாகவோ இறுக்கமாகவோ வந்து நிற்கும்.

பிரேக் விஷயத்தில் பிரிட்டன் கறார். தண்டில் மாட்டிய காரை அங்கே சட்டம் டிரெய்லராகவே பார்க்கிறது. 750 கிலோவுக்கு மேல் என்றால் காரின் பிரேக்கும் தானாக வேலை செய்ய வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கு வேறு தடை உண்டு. பலவற்றில் கியர்பெட்டிக்கு எண்ணெய் பாய்ச்சும் பம்பை இன்ஜின்தான் ஓட்டுகிறது. இன்ஜின் நின்றிருக்க, சக்கரம் மட்டும் நூறு கிலோமீட்டர் சுற்றினால் உள்ளே உலர்ந்து உரசிப் பாழாகும்.

ரிவர்ஸ் மட்டும் எந்தத் தண்டிலும் கிடைக்காது. காரின் முன்சக்கரம் திரும்பும் அச்சு மேற்பக்கம் சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். அதனால் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் குட்டிச் சக்கரம்போல, முன்னால் இழுக்கும்போது அது தானாக நேராகி வழியைப் பின்தொடரும். பின்னால் தள்ளினால் அதே குணம் சக்கரத்தை ஒரு பக்கமாகக் கடைசிவரை திருப்பிவிடும், தண்டு வளையும். இரண்டு சக்கர டிரெய்லரைக் களத்துமேட்டுக்குள் லாகவமாகப் பின்னால் ஏற்றிவிடும் நம் டிரைவரால்கூட இதைச் செய்ய முடியாது. காரைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இரண்டு உலகத்துக்கும் பொதுவாக ஒரு பொருள் பாக்கி இருக்கிறது: காவல் சங்கிலி. கொக்கி கழன்றாலும் பின்வண்டி தனியே ஓடிவிடாமல் பிடிக்க, இரண்டு பக்கமும் இரண்டு சங்கிலி. அவற்றை நேராக மாட்டாமல் ஏர்க்காலுக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக மாட்ட வேண்டும். அப்போது கொக்கி விட்டுப்போனால் ஏர்க்காலின் முனை அந்தக் குறுக்குச் சங்கிலியின்மேல் விழுந்து தாங்கி நிற்கும், சாலையில் குத்தி டிரெய்லரைத் தலைகீழாகப் புரட்டாது. நீளம், முழுதாகத் திரும்பும்போது விறைக்காத அளவுக்கும், நேராகப் போகும்போது தரையில் உரசாத அளவுக்கும். நெல் ஏற்றும் டிரெய்லருக்கு இதை வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். வேண்டியது இரண்டு வளையம், நாலு முழம் சங்கிலி.